எந்த ஊருக்கு எந்த விமானம்?

பயணிகள் இல்லை, எரிபொருள் இல்லை, சொல்லப்போனால் விமானமே இல்லை. ஆனால் கால அட்டவணை இருக்கிறது, விமான எண் இருக்கிறது, ஒழுங்காகப் பறந்தால் பைலட்டுக்குப் பதவி உயர்வும் இருக்கிறது. கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டும் ஆர்வலர்கள் ஒன்றுகூடி நடத்தும் மெய்நிகர் விமான நிறுவனங்கள் இப்படிப்பட்டவை. பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் சம்பளமில்லாத இந்த இரண்டாவது வேலையில் வந்து உட்காருகிறார்கள்.

1982-ல் மைக்ரோசாஃப்ட் தன் முதல் ஃப்ளைட் சிமுலேட்டரை வெளியிட்டபோது அதில் இருந்தது ஒரு சிறிய செஸ்னா விமானமும் எளிய கோட்டோவியமாகச் சில ஊர்களும்தான். 2020-ல் வந்த பதிப்பில் செயற்கைக்கோள் படங்களால் பின்னிய முழு பூமியும் இருக்கிறது. இந்த நிமிடம் நியூயார்க்கில் அடிக்கும் காற்று விளையாட்டிலும் அடிக்கிறது. 2001-ல் தொடங்கிய வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில், கட்டுப்பாட்டுக் கோபுரத்து அதிகாரி வேலையைக்கூட ஆர்வலர்களே செய்கிறார்கள். தரையிறங்க அனுமதி கேட்டால் எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒரு மனிதக் குரல் பதில் சொல்லும்.

இந்த நிறுவனங்களில் புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளே ராட்சத விமானமான ஏ380-ல் போய் உட்கார ஆசைப்படுவார். பல நிறுவனங்கள் விடுவதில்லை. முதலில் சிறிய விமானத்தில் இத்தனை மணி நேரம் ஓட்டு, பிறகு பார்க்கலாம் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், ஹொனலுலுவிலிருந்து பக்கத்து மாவி தீவுக்கு ஏ380 ஓட்டினாலும் சிமுலேட்டர் ஒரு வார்த்தை சொல்லாது. யாருக்கும் காசு நஷ்டமில்லை, உயிர் நஷ்டமில்லை. அப்படியிருந்தும் எந்த வழித்தடத்துக்கு எந்த விமானம் என்று அட்டவணை போட்டு, அதை மீறுபவரைக் கண்டித்து, இரவு முழுக்க விவாதிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் விமானம் பறப்பதன் இயற்பியல் முழுவதும் அந்த அட்டவணைக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு விமானம் எவ்வளவு தூரம் பறக்கும்? தயாரிப்பாளர்கள் ஒரே ஓர் எண்ணைத் தருவார்கள். போயிங் 777-300இஆர் விமானத்துக்கு அது 13,650 கி.மீ. இந்த எண்ணை அப்படியே நம்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். அந்த விமானத்தின் வெற்று எடை ஏறக்குறைய 168 டன். ஓடுபாதையில் ஓடத் தொடங்கும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 351 டன். இரண்டுக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது 183 டன். டாங்கிகளை விளிம்புவரை நிரப்பினால் எரிபொருளே 145 டன் வந்துவிடும். மிச்சம் 38 டன். பெட்டியோடு ஆளுக்கு நூறு கிலோ என்று வைத்தால் 380 பேர். சரக்கு ஒரு மூட்டைகூட ஏற்ற முடியாது.

அதே விமானத்தின் உடற்கட்டு, பயணிகளும் சரக்குமாக 70 டன் வரை தாங்கும். 70 டன்னையும் ஏற்றிவிட்டால் எரிபொருளுக்கு மிஞ்சுவது 113 டன். பயணம் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். டாங்கியும் நிரம்பி வயிறும் நிரம்பி இந்த விமானம் பறக்கவே முடியாது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் சரக்கைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். விமானிகளின் கையேட்டில் இதற்கென்று ஒரு வரைபடம் உண்டு. கோடு கொஞ்ச தூரம் சமமாகப் போகும், பிறகு சரியும், டாங்கி நிரம்பிய இடத்துக்கு அப்பால் செங்குத்தாக விழும். மெய்நிகர் நிறுவனத்தில் வழித்தடம் போடுகிறவர் பார்க்க வேண்டிய முதல் படம் அதுதான்.

இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்திருக்கிறது. எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் வேண்டும். கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்று கேட்பார்களே, அந்தக் கதைதான். மூட்டை பெரிதானால் தூக்கி நடக்கிற பசியும் பெரிதாகும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம், அதைச் சுமப்பதிலேயே எரிந்துபோகும். 15 மணி நேரப் பயணத்துக்கு ஒரு டன் கூடுதலாக ஏற்றினால், போய்ச் சேரும்போது ஏறக்குறைய 400 கிலோ காணாமல் போயிருக்கும். அதனால்தான் மிக நீண்ட பயணத்தை ஒரே மூச்சில் பறப்பதைவிட, நடுவில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போவது எரிபொருள் கணக்கில் சிக்கனமாக இருப்பதுண்டு.

சிங்கப்பூர் - நியூயார்க் தடம் இதற்கு நல்ல சாட்சி. 15,300 கி.மீ., பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க்கை ஒட்டிய நியூவர்க்குக்கு நான்கு எஞ்சின் ஏ340-500-ஐ விட்டது. பிற்பாடு அதில் நூறே நூறு பிசினஸ் இருக்கைகளை வைத்துப் பறந்தது. 2013-ல் நிறுத்திவிட்டது. 2018-ல் இரண்டு எஞ்சின் கொண்ட ஏ350-900யுஎல்ஆர் வந்தபிறகே தடம் உயிர் பெற்றது. அந்த விமானத்தில் எரிபொருள் 1,65,000 லிட்டர், இருக்கைகள் 161. அதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350-ல் 253. யுஎல்ஆரில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. சிமுலேட்டரில் இந்தத் தடத்தைப் பறக்க விரும்புகிறவர் சாதாரண ஏ350-ஐ எடுத்து, எல்லா இருக்கையும் நிரம்பியதாகக் கணக்குக் கொடுத்தால், திட்டம் போடும் மென்பொருளே எடை மீறல் என்று மறுத்துவிடும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு. டாங்கி நிறைய இருந்தால் பாதுகாப்பு என்று நினைத்து ஒரு மணி நேரப் பயணத்துக்கு 777-ஐ நிரப்பிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த விமானம் தரையிறங்கும்போது 251 டன்னுக்கு மேல் இருக்கக்கூடாது. நிரம்பிய விமானம் ஒரு மணி நேரத்தில் எரிப்பதோ சுமார் பத்து டன். போய்ச் சேரும் ஊரில் அது 90 டன் கூடுதல் எடையோடு வானத்தில் தவித்துக்கொண்டிருக்கும். ஏறத்தான் எடை வரம்பு, இறங்க என்ன என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

சரி, குறுந்தூரத்துக்கு எது? இங்கே பலரும் கேவலமாகப் பார்க்கிற ப்ரொப்பெல்லர் விமானம் கம்பீரமாக வந்து நிற்கிறது. விமானம் முன்னால் போவது, காற்றைப் பின்னால் தள்ளுவதால். நொடிக்கு ஒரு டன் காற்றை 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 100 கிலோ காற்றை 100 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைக்கும் உந்துதல் ஒன்றே. ஆனால் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. இரண்டாவது வழிக்குச் செலவாகும் ஆற்றல் முதல் வழியைப்போலப் பத்து மடங்கு. அதாவது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறவனே சிக்கனக்காரன். ப்ரொப்பெல்லர் செய்வது அதைத்தான். ஜெட் எஞ்சின்களின் முகப்பு விசிறி தலைமுறைக்குத் தலைமுறை பெரிதாகிக்கொண்டே வருவதும் அதே காரணத்துக்காகத்தான். ப்ரொப்பெல்லருக்கு உள்ள தடை வேகம். விமானம் வேகம் எடுக்க எடுக்க அலகுகளின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கித் திணறும்.

ஏடிஆர் 72 என்ற ப்ரொப்பெல்லர் விமானத்தின் வேகம் மணிக்கு 510 கி.மீ. அளவு. ஏ320 ஜெட் போகும் வேகம் 830. சென்னை - யாழ்ப்பாணம் தூரம் சுமார் 350 கி.மீ. கணக்குப்படி ஜெட் 16 நிமிடம் முந்தும். உண்மையில் அதுவும் முந்தாது. ஜெட் மேலே ஏறி முழு வேகத்தைப் பிடிப்பதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். 2019 நவம்பரில் இந்தத் தடம் தொடங்கியபோது வந்தது ஏடிஆர்தான். அப்போது யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்தில் சீரமைத்திருந்த ஓடுபாதையும் அந்த அளவு விமானத்துக்கானதே. தூரம், பயணிகள் எண்ணிக்கை, ஓடுபாதை மூன்றும் ஒரே விமானத்தைச் சுட்டும் தடங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

ஆனால் எல்லாப் பொருத்தத்தையும் ஒரே ஊரில் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஹவாய் தீவுகளுக்குத்தான் போக வேண்டும். ஹொனலுலுவை மையமாக வைத்து ஒரு மெய்நிகர் நிறுவனம் தொடங்குகிறீர்கள் என்று வையுங்கள். மாவிக்கு 160 கி.மீ. லாஸ் ஏஞ்சலஸுக்கு 4,100 கி.மீ. நியூயார்க்குக்கு 8,000 கி.மீ. மூன்றும் ஒரே நாட்டுக்குள். மூன்றுக்கும் ஒரே விமானம் ஆகாது.

160 கி.மீ. பயணத்தில் விமானத்துக்குத் தூரம் எதிரியல்ல, எண்ணிக்கைதான் எதிரி. மேலே ஏறும்போது பயணிகள் மூச்சுவிட உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுகிறது. இறங்கும்போது அது விடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் உடற்கூடு கண்ணுக்குத் தெரியாமல் உப்பி வற்றுகிறது. உலோகத்துக்கு வயது கூடுவது பறந்த மணிகளால் மட்டுமல்ல, இப்படி உப்பிய தடவைகளாலும்தான். 1988 ஏப்ரல் 28 அன்று ஹிலோவிலிருந்து ஹொனலுலுவுக்குப் பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் கூரையின் ஒரு பெரும்பகுதியை இழந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். மற்ற 94 பேரோடு விமானிகள் மாவியில் இறக்கினார்கள். விசாரணையில் தெரிந்த எண்களைப் பாருங்கள். அந்த விமானம் பறந்திருந்தது 35,496 மணி. வடிவமைப்பில் எதிர்பார்த்த ஆயுள் 51,000 மணி. அந்தக் கணக்கில் அது நடுவயது. ஆனால் ஏறி இறங்கிய தடவை 89,680. எதிர்பார்த்ததோ 75,000. சராசரியாக ஒரு பயணம் 24 நிமிடம்! உப்புக்காற்றின் அரிப்பும் ஒட்டுகளின் பலவீனமும் பராமரிப்பில் விரிசல்கள் கண்ணில் படாமல் போனதும் சேர்ந்துகொண்டன என்பது உண்மை. ஆனாலும் குறுந்தீவுப் பயணம் விமானத்தை எப்படித் தின்னும் என்பதற்கு இந்த இரண்டு எண்களுக்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஹவாயன் ஏர்லைன்ஸ் தீவுகளுக்கிடையே நீண்டகாலமாக ஓட்டிவருவது போயிங் 717. 128 இருக்கைகள். அடிக்கடி ஏறி இறங்குவதையே தொழிலாகக் கொண்டு பிறந்த விமானம் அது. அதை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்ப முடியாது, டாங்கி போதாது. அங்கே 189 இருக்கை ஏ321நியோ போகிறது. இங்கே பிரச்சினை கடல். கலிஃபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே ஒதுங்க ஒரு விமான நிலையம்கூடக் கிடையாது. பாதி வழியில் ஓர் எஞ்சின் நின்றால் மிச்சமுள்ள ஓர் எஞ்சினோடு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பறந்தாக வேண்டும். இரட்டை எஞ்சின் விமானங்கள் ஒதுங்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் அமெரிக்காவில் விதி இருந்தது. 1985-ல் அது இரண்டு மணி நேரமாகத் தளர்ந்தது, பிறகு மூன்று. விமான வகைக்கும் நிறுவனத்துக்கும் தனித்தனியே அந்த அனுமதி வாங்க வேண்டும்.

மெய்நிகர் நிறுவனத்தின் நல்ல திட்டக்காரர் இந்தத் தடத்தில் சமநேரப் புள்ளி ஒன்றைக் குறிப்பார். முன்னால் போனாலும் திரும்பி வந்தாலும் ஒரே நேரம் ஆகும் இடம் அது. அது பாதித் தூரத்தில் இருக்காது. ஹவாய் நோக்கிப் போகும்போது பெரும்பாலும் எதிர்காற்று, திரும்பினால் காற்று முதுகில் தள்ளும். அதனால் பாதியைத் தாண்டிய பிறகும் கொஞ்ச தூரத்துக்குத் திரும்பிப் போவதே சீக்கிரம். புள்ளி காற்றுக்கேற்ப நாளுக்கு நாள் நகரும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் புள்ளி பசிபிக்கின் மேல் மிதந்து திரிவதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது.

நியூயார்க்குக்கு ஏ330. 278 இருக்கைகள், பரந்த உடல். மேற்கு நோக்கி வரும்போது ஆகும் நேரம், கிழக்கு நோக்கிப் போவதைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் கூடுதல். தூரம் ஒன்றே, தேவைப்படும் எரிபொருள் வேறு.

காற்றும் ஓடுபாதையும் சேர்ந்து விளையாடிய ஒரு தடத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. லண்டன் சிட்டி விமான நிலையம் நகருக்குள்ளேயே பழைய கப்பல்துறையில் இருக்கிறது. ஓடுபாதை 1,508 மீட்டர்தான். சுற்றிலும் கட்டடங்கள் என்பதால் வழக்கமான 3 டிகிரிக்குப் பதில் 5.5 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். அங்கிருந்து நியூயார்க்குக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009-ல் விமானம் விட்டது! ஏர்பஸ் ஏ320 குடும்பத்தின் கடைக்குட்டியான ஏ318. நூறு பேருக்கு மேல் உட்காரும் விமானத்தில் 32 இருக்கைகள் மட்டும். அப்படியும் அந்தக் குட்டை ஓடுபாதையிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டும் அளவு எரிபொருளோடு எழும்ப முடியாது. அதனால் அயர்லாந்தின் ஷானனில் இறங்கி நிரப்பிக்கொண்டது. அந்த இடைவெளியிலேயே பயணிகள் அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையையும் முடித்துக்கொண்டார்கள். திரும்பும்போது நியூயார்க்கில் நீண்ட ஓடுபாதை, வானில் பின்காற்று, லண்டனில் இறங்குகையில் டாங்கி காலி. எனவே நேராக வந்தது. ஒரே விமானம், ஒரே இரண்டு ஊர்கள், போக ஒரு விதம், வர ஒரு விதம். 2020-ல் பெருந்தொற்றோடு அது முடிந்துபோனது. சிமுலேட்டர்காரர்கள் இன்னமும் பறக்கிறார்கள்.

ஊரின் உயரமும் வெயிலும் தனிக் கணக்கு. லடாக்கின் லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 3,250 மீட்டருக்கு மேல். கோடை வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி சென்னைக் கடற்கரைக் காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான். இறக்கைக்குப் பிடிமானம் குறைவு, எஞ்சினுக்கும் மூச்சு குறைவு. அதே எடையைத் தூக்க விமானம் தரையில் ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். வேகம் கூடினால் ஓடுபாதை நீளமும் கூட வேண்டும், நிறுத்தப் பிரேக்கும் தாங்க வேண்டும். 2024 ஜூலை இறுதியில் அங்கே வெப்பம் எகிறியபோது பல விமானங்கள் ரத்தாயின. மழையில்லை, மூடுபனியில்லை, வெறும் வெயில்!

இறக்கை அகலம் பற்றி ஒரு சிறு செய்தி. ஏ320நியோவின் இறக்கை 35.8 மீட்டர். 777-300இஆர் 64.8. ஏ380 79.75. விமான நிலையங்களின் வகைப்பாடு 36, 65, 80 மீட்டரில் எல்லை வைத்திருக்கிறது. வடிவமைப்பாளர்கள் எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தியிருக்கிறார்கள். புதிய 777-9 விமானத்துக்கு நீண்ட இறக்கை வேண்டும், ஆனால் பழைய இடத்திலேயே நிற்கவும் வேண்டும். எனவே தரையில் நுனியை மடித்துக்கொள்ளும். சிமுலேட்டரில் ஏ380-ஐ ஏ320-க்கான இடத்தில் நிறுத்தினால் பக்கத்து விமானம் இறக்கைக்குள் புகுந்து நிற்கும் காட்சி கிடைக்கும்.

குறுந்தூரத்துக்குப் பெரிய விமானம் கூடாது என்பதும் சட்டமல்ல. ஜப்பானில் டோக்கியோவிலிருந்து மற்ற நகரங்களுக்குக் கூட்டம் அலைமோதியது, ஓடுபாதையில் இடமோ இல்லை. போயிங் நிறுவனம் 1973-ல் அவர்களுக்காகவே 747எஸ்ஆர் என்று ஒன்றைச் செய்து கொடுத்தது. சுமார் 500 பேர், குறைந்த எரிபொருள், அடிக்கடி ஏறி இறங்குவதைத் தாங்கும்படி வலுவூட்டிய உடல். பின்னால் வந்த 747-400டி-யில் இறக்கை நுனியில் நிமிர்ந்து நிற்கும் துடுப்பையே எடுத்துவிட்டார்கள். அந்தத் துடுப்பு எரிபொருளை மிச்சப்படுத்துவது நெடுந்தூரத்தில்தான். ஒரு மணி நேரப் பயணத்தில் அதனால் பெரிய ஆதாயம் இல்லை.

மெய்நிகர் நிறுவனங்களில் பல, இவற்றையெல்லாம் கவனிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் பறந்த மணிகளை எண்ணிப் பதவி கொடுக்கிறவை எனக்குச் சலிப்பூட்டுகின்றன. பயணிகள் எண்ணிக்கை, எடை, அன்றைய காற்று, மாற்று விமான நிலையம் எல்லாம் போட்டுத் திட்டம் தயாரித்து, பறந்து முடித்ததும் எரிந்த எரிபொருளையும் தரை தொட்ட வேகத்தையும் ஒப்பிட்டுக் காட்டும் நிறுவனங்களே சேரத் தகுந்தவை. சிம்பிரீஃப் போன்ற திட்டமிடும் கருவி இலவசமாகவே கிடைக்கிறது. வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படிக்கும் பிள்ளை இருந்தால் அதைத் திறந்து கொடுங்கள்.

லேயிலிருந்து டெல்லிக்கு ஒரு ஏ320-ஐ முதலில் ஜனவரிக் காலையின் குளிரில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு அதே விமானம், அதே பயணிகள், ஜூலை நண்பகல். இரண்டாவது முறை எத்தனை பேரை இறக்கிவிட வேண்டியிருக்கிறது என்று பிள்ளை கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.